மாஸ்டர் அதே ஆள்தானா? எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ வில்சன் அவர்களுக்கும், நிறுவனத்தை வாங்க முன்வந்த புதிய முதலாளிகளுக்கும்,

வணக்கம்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன். சின்ன வயதில் நான் விளையாடிய உங்கள் கேம்கள் எதற்கும் உங்களுக்கு ஒரு பைசா வந்திருக்காது. ரோட் ராஷ் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில் யாரோ ஏற்றிவைத்திருந்தது. நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டெட் பிரவுசிங் சென்டரில் விளையாடியது. பின்னால் இரண்டு பேர் "எப்படா முடிப்பே" என்று நின்றுகொண்டிருக்க, போலீஸ் வண்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு போவேன். கிரிக்கெட் 07 பர்மா பஜாரில் வாங்கிய சிடி. சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன் என்றாலும், பழைய பாக்கி பாக்கிதான். ஆகவே இதை உங்களைப் பிடிக்காத ஒருவன் எழுதிய வசைக் கடிதமாக நினைக்க வேண்டாம்.

2025 செப்டம்பர் கடைசியில் அந்தச் செய்தி வந்தது. சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம், சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனம், டிரம்ப் மருமகன் ஜாரெட் குஷ்னரின் அஃபினிட்டி பார்ட்னர்ஸ் மூன்றும் சேர்ந்து 5,500 கோடி டாலருக்கு உங்கள் நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்தார்கள். அதில் 2,000 கோடி டாலர் கடன். என்னோடு விளையாடும் நண்பர்கள் குழுவில் அன்றைக்கு வந்த முதல் மெசேஜ், "இதுக்கு மேல கெட்டுப்போக என்ன இருக்கு?" அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் நானும் ஒருவன். அப்புறம்தான் யோசித்தேன். நாற்பது வருடத்துக்கும் மேலாக மனிதர்களுக்குச் சந்தோஷத்தை விற்ற ஒரு கம்பெனி கைமாறுகிறது, அதன் வாடிக்கையாளர்களுக்கு வருவது இந்த மாதிரி சிரிப்பு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமே.

அமெரிக்காவின் கன்ஸ்யூமரிஸ்ட் என்ற நுகர்வோர் தளம் 2012-லும் 2013-லும் வாசகர் வாக்கெடுப்பு நடத்தி, நாட்டின் மிக மோசமான நிறுவனம் என்ற பட்டத்தை இரண்டு வருடமும் உங்களுக்கே கொடுத்தது. இரண்டு முறையும் இறுதிச் சுற்றில் நீங்கள் தோற்கடித்தது பேங்க் ஆஃப் அமெரிக்காவை. வீட்டுக்கடன் நெருக்கடியில் பேர் அடிபட்ட ஒரு வங்கியை விட ஒரு கேம் கம்பெனி மோசம் என்று ஓட்டுப்போட்டது பைத்தியக்காரத்தனம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் பைத்தியக்காரத்தனத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வங்கியிடம் யாரும் அன்பை எதிர்பார்த்துப் போவதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. டீக்கடை கைமாறிவிட்டது என்று கேள்விப்பட்டால், உள்ளே எட்டிப் பார்த்து "மாஸ்டர் அதே ஆள்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ சொல்வோம். கல்லாவில் யார் உட்கார்ந்தால் எங்களுக்கு என்ன? மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டால் நாங்களும் தெருவைத் தாண்டி அந்தக் கடைக்குப் போய்விடுவோம்.

இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைச் சொல்லித்தான் நீங்கள் கடையே திறந்தீர்கள். ஆப்பிளை விட்டு வந்த டிரிப் ஹாக்கின்ஸ் 1982-ல் கம்பெனியைத் தொடங்கியபோது, கேம் எழுதுகிறவர்களைக் கலைஞர்கள் என்று அழைத்தார். இசைத்தட்டு உறை மாதிரி அட்டை, அதில் எழுதியவரின் பெயர். 1983-ல் வந்த உங்கள் விளம்பரத்தில் அந்த இளைஞர்களின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டு, ஒரு கம்ப்யூட்டரால் உங்களை அழவைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் பிறப்பதற்கு முன்பு வந்த விளம்பரம். இன்றைக்குப் பார்த்தாலும் அந்தக் கேள்வி ஒரு மாதிரி பண்ணுகிறது.

அந்த மாதிரிக் கலைஞர்கள் இருந்த வீடுகளை, கேம் செய்யும் ஸ்டுடியோக்களை, ஒவ்வொன்றாக வாங்கினீர்கள். ஆஸ்டினில் இருந்த ஆரிஜின் சிஸ்டம்ஸை 1992-ல் வாங்கி 2004-ல் மூடினீர்கள். இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் இருந்த புல்ஃப்ராக் 1995-ல் வந்தது, 2001-ல் போனது. லாஸ் வேகாஸின் வெஸ்ட்வுட், கமாண்ட் அண்ட் கான்கர் செய்தவர்கள், 1998-ல் வந்து 2003-ல் போனார்கள். மோஸ்ட் வான்டெட்டைச் செய்த வான்கூவர் பிளாக் பாக்ஸும் இன்று இல்லை. டெட் ஸ்பேஸ் செய்த விசரல், ரெட்வுட் ஷோர்ஸில் உங்கள் தலைமையகத்திலேயே வளர்ந்த பிள்ளை. இருட்டில் தனியாக நடந்து பயப்படுவதற்காக மக்கள் வாங்கிய கேம் அது. அதன் மூன்றாம் பாகத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வசதியைச் சேர்த்து, ஆயுதம் செய்யத் தேவையான பொருள்களை நிஜக் காசுக்கும் விற்றீர்கள். பயமும் போனது, 2017-ல் ஸ்டுடியோவும் போனது.

வியாபாரத்தில் கடை மூடுவது சகஜம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் மாஸ்டரை அனுப்பிவிட்டு போர்டை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். வெஸ்ட்வுட் இல்லை, கமாண்ட் அண்ட் கான்கர் என்ற பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் பிறகு வந்ததையெல்லாம் நாங்கள் வாயில் வைத்துப் பார்த்து, "மாஸ்டர் மாறிட்டார்" என்று முகம் சுளித்தோம். நாங்கள் பாசம் வைத்தது ஸ்டுடியோக்கள் மேல். அவர்கள் செய்த நல்லதெல்லாம் எங்கள் நினைவில் அவர்கள் கணக்கிலேயே ஏறியது, உங்கள் கணக்கில் மிஞ்சியது மூடுவிழா மட்டும்.

சிம்சிட்டி விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2013 மார்ச்சில் வந்தது. தனியாக உட்கார்ந்து நகரம் கட்டும் விளையாட்டு, காலகாலமாக அப்படித்தான். அதற்கு எப்போதும் இன்டர்நெட் இருக்க வேண்டும் என்றீர்கள். வெளியான அன்றே சர்வர்கள் படுத்துவிட்டன. காசு கொடுத்தவர்கள் தங்கள் ஊருக்குள் நுழையவே வரிசையில் நின்றார்கள். அமேசான் சில நாள் அதன் டவுன்லோடு விற்பனையை நிறுத்தியே வைத்தது. இன்டர்நெட் இல்லாமல் ஓட வழியில்லையா என்று கேட்டதற்கு, கணக்குகளில் பெரும்பகுதி எங்கள் சர்வரில்தான் நடக்கிறது, பெரிய வேலை செய்யாமல் அதை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. சில நாளிலேயே ஒரு ஆர்வலர் உள்ளே கைவைத்து, இணைப்பு இல்லாமலும் கேம் ஓடுவதைக் காட்டிவிட்டார். ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், ஆஃப்லைன் வசதியை நீங்களே கொடுத்தீர்கள்.

சர்வர் படுப்பது யாருக்கும் நடக்கும். ஒரு வாரத்தில் மறந்திருப்போம். முடியாது என்று சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் மறக்கவில்லை. 2015 மார்ச் முதல் வாரத்தில் சிம்சிட்டியைச் செய்த மேக்ஸிஸ் ஸ்டுடியோவின் எமரிவில் அலுவலகத்தை மூடினீர்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 10-ம் தேதி ஃபின்லாந்திலிருந்து, அதே மாதிரி நகரம் கட்டும் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் வந்தது. செய்தது கலாசல் ஆர்டர் என்ற, ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய அளவு சின்னக் குழு. ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதி விற்றது. தெருவைத் தாண்டி அடுத்த கடைக்குப் போவது என்றேனே, அது இதுதான்.

இனி, எல்லோருக்கும் தெரிந்த கதை. 2017 நவம்பர், ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2. கேம் காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது. உள்ளே போனால் டார்த் வேடர் பூட்டிக் கிடக்கிறார். லூக் ஸ்கைவாக்கரும் பூட்டில். ஒவ்வொருவரையும் திறக்க, ஆடிச் சம்பாதிக்கும் கேம் காசில் 60,000 கிரெடிட். ஒருவரைத் திறக்கவே சுமார் 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று விளையாடியவர்கள் கணக்குப் போட்டார்கள். சண்டையில் பலம் கூட்டும் அட்டைகளோ, திறக்கும்வரை உள்ளே என்ன என்று தெரியாத லூட் பாக்ஸுக்குள், அந்தப் பெட்டியைக் காசு கொடுத்தும் வாங்கலாம். ரெடிட்டில் ஒருவர் இதைக் கேட்டதற்கு உங்கள் தரப்பிலிருந்து வந்த பதிலில், ஹீரோக்களைத் திறக்கும்போது ஒரு பெருமிதமும் சாதித்த உணர்வும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று இருந்தது. ஆறரை லட்சத்துக்கும் அதிகமான எதிர் ஓட்டு வாங்கி அந்த வாக்கியம் கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

எனக்கு அந்த வாக்கியத்தை எழுதியவர் மேல் கோபமே இல்லை. வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் யாரோ, மேலிருந்து வந்த வார்த்தைகளை ஒட்டியிருப்பார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம். ஹீரோக்களைத் திறக்கும் விலையை முக்கால் பங்கு குறைத்தீர்கள். கூடவே, கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசையும் 20,000-லிருந்து 5,000 ஆக்கினீர்கள். அரிசி விலையைக் குறைத்துவிட்டு படியையும் சின்னதாக்கிய மாதிரி. விளையாடுகிறவர்கள் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் என்பதை எப்படி மறந்தீர்கள்? நாள் முழுக்க எந்த வாளுக்கு எத்தனை பாயின்ட் என்று கூட்டிக் கழிப்பதுதானே அவர்கள் பொழுதுபோக்கு! கடைசியில், வெளியீட்டுக்கு முந்தைய நாள், காசு கொடுத்து வாங்கும் வசதியை மொத்தமாக நிறுத்தினீர்கள்.

அப்படியானால் உடை, நிறம் போன்ற அலங்காரத்தை மட்டும் விற்கலாமே என்ற கேள்விக்கு உங்கள் நிதித் தலைவர் அந்த மாதமே முதலீட்டாளர்கள் கூட்டத்தில், வேடர் வெள்ளையாக, இளஞ்சிவப்பாக வந்தால் கதைக்குப் பொருந்தாது என்கிற மாதிரி சொன்னார். கதையின் புனிதம் அந்த இடத்தில் மட்டும் ஞாபகம் வந்தது. ஸ்டார் வார்ஸ் பிரபஞ்சத்தில் வேடர் சீட்டுக் குலுக்கலில் வருவார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆனால் இதே கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. பேட்டில்ஃபிரன்ட் 2 செய்த உங்கள் டைஸ் ஸ்டுடியோக்காரர்கள் அந்த கேமைக் கைவிடவில்லை. பலத்தைக் காசுக்கு விற்கும் முறையைத் தூக்கிவிட்டு, 2020 வரை புது வரைபடம், புது ஹீரோ என்று சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். திட்டிய வாயே பாராட்டியது. 2021 ஜனவரியில் எபிக் என்ற ஆன்லைன் கேம் கடையில் இலவசமாகக் கொடுத்தபோது 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மனசு மாறாத கூட்டம் இல்லை நாங்கள். உங்களுடைய இன்னொரு சண்டை கேமான பேட்டில்ஃபீல்ட் 2042-ஐ 2021-ல் கிழித்துத் தொங்கப்போட்ட அதே ஆட்கள்தான் 2025 அக்டோபரில் பேட்டில்ஃபீல்ட் 6-ஐ மூன்றே நாளில் 70 லட்சம் பிரதிக்கு மேல் வாங்கினார்கள். "திட்டுவார்கள், ஆனால் வாங்குவார்கள்" என்று உங்கள் கூட்டங்களில் யாராவது இதைக் காட்டி ஆறுதல் சொல்லியிருக்கலாம். டீ நன்றாக இருந்தது, குடித்தோம். அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

லூட் பாக்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம். 2019-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்னால் உங்கள் சட்டப் பிரிவுத் துணைத் தலைவர், இவற்றை லூட் பாக்ஸ் என்று சொல்வதில்லை, வியப்பூட்டும் அம்சங்கள் என்கிறோம் என்றார். உள்ளே என்ன பொம்மை என்று தெரியாத கிண்டர் சாக்லேட் முட்டையோடு ஒப்பிட்டார். லாட்டரிச் சீட்டை 2003-ல் தடை செய்த மாநிலத்தில் வளர்ந்தவன் நான். சுரண்டல் சீட்டில் கூலியை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்களின் கதை எங்கள் தெருவுக்குத் தெரியும். வியப்பு என்ற சொல்லை அந்தக் குடும்பங்களிடம் சொல்லிப் பார்க்கலாம். என் அக்கா மகன், பதினொரு வயது, போன் கேம் ஒன்றில் பெட்டி பெட்டியாகத் திறந்து அவன் அப்பாவின் கணக்கிலிருந்து நாலாயிரம் ரூபாயைக் கரைத்தான். அது உங்கள் கேம் இல்லை, வேறு யாருடையதோ. "அடுத்த பெட்டில வந்துரும்னு நெனச்சேன்" என்றான். சீட்டு சுரண்டியவர்கள் சொன்ன அதே வாக்கியம்.

ஃபிஃபா மாதிரி உங்கள் ஸ்போர்ட்ஸ் கேம்களில், பாக்கெட் திறந்து வீரர்களைச் சேர்த்து அணி கட்டும் அல்டிமேட் டீமில் இது எந்த அளவு என்பதை உங்கள் ஆண்டறிக்கையே சொல்கிறது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அல்டிமேட் டீம் வருமானம் மட்டும் 162 கோடி டாலர், மொத்த வருமானத்தில் கால் பங்குக்கும் மேல். பாக்கெட் வாங்கிக் கிழிக்கிறான், பிடித்த வீரன் வரும்வரை கிழிக்கிறான், ஒரு வருடம் பாடுபட்டு அணி சேர்க்கிறான். அடுத்த செப்டம்பரில் புது கேம் வந்ததும் அந்த அணி அப்படியே பழைய கேமில் தங்கிவிடுகிறது. முதலிலிருந்து ஆரம்பி. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் இது சூதாட்டம்தான் என்றது, 2019 ஜனவரியோடு அங்கே பாக்கெட் வாங்க உதவும் ஃபிஃபா பாயின்ட் விற்பதை நிறுத்தினீர்கள். நெதர்லாந்தில் போட்ட ஒரு கோடி யூரோ அபராதம் 2022-ல் மேல்முறையீட்டில் ரத்தானது, அதுவும் உண்மை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பெல்ஜியத்துப் பையன் பாக்கெட் வாங்காமலேயே இத்தனை வருடமாக அதே கால்பந்தை ஆடிக்கொண்டிருக்கிறான். கேம் ஒன்றும் உடைந்துபோகவில்லை.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கோபம் என்ற பெயரில் உங்கள் ஊழியர்களுக்கு, பெரும்பாலும் முடிவெடுக்கும் அதிகாரமே இல்லாத சின்னப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, கேம் உலகத்துப் பையன்கள் சிலர் எழுதுவது படிக்கவே கூசும். 2004-ல் உங்கள் ஊழியர் ஒருவரின் துணை, வீட்டுக்கே வராமல் வாரம் முழுக்க வேலை வாங்குகிறார்கள் என்று பெயர் போடாமல் எழுதிய கடிதத்தை அந்தப் பையன்கள் படித்திருக்க மாட்டார்கள். அதைத் தொடர்ந்து, கூடுதல் நேர ஊதிய வழக்குகளில் ஓவியர்களுக்கு 156 லட்சம் டாலரும் புரோகிராமர்களுக்கு 149 லட்சம் டாலரும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டீர்கள். எங்களை ஏமாற்றுவதற்கு முன்பே உள்ளே இருந்தவர்களைப் பிழிந்திருக்கிறீர்கள். 2023-ல் 6 சதவீதம், 2024-ல் 5 சதவீதம் ஆட்களை அனுப்பியதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இப்போது புதிய முதலாளிகளுக்கு. 2,000 கோடி டாலர் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். அதற்கு இரண்டு இடத்தில்தான் கைவைக்க முடியும், ஸ்டுடியோக்களில் அல்லது எங்கள் பாக்கெட்டில். என் பயம் அதுதான், மறைப்பானேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டாக்ஹோமில் ஹேஸ்லைட் என்ற சின்ன ஸ்டுடியோ உங்களோடு சேர்ந்து இட் டேக்ஸ் டூ வெளியிட்டது. இரண்டு பேர் ஆட வேண்டிய கேம். ஒருவர் வாங்கினால் போதும், நண்பர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். நானும் என் மனைவியின் தம்பியும் ஊர் விட்டு ஊர் உட்கார்ந்து அதை முடித்தோம். 2021-ல் ஆண்டின் சிறந்த கேம் விருது அதற்குத்தான் கிடைத்தது. லூட் பாக்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அங்கே மாஸ்டர் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டு நீங்கள் கல்லாவோடு நின்றுகொண்டீர்கள். மற்ற இடங்களிலும் அப்படியே நில்லுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பாக்கெட் விற்பதை உலகம் முழுக்க நிறுத்துங்கள், வழக்குப் போட்ட நாட்டில் மட்டும் நிறுத்தாதீர்கள். ஆந்தம் என்ற உங்கள் ஆன்லைன் கேமின் சர்வரை 2026 ஜனவரி 12-ம் தேதியோடு நிறுத்துவதாக அறிவித்தீர்கள். 2019-ல் முழு விலை கொடுத்தவனிடம் மிஞ்சுவது டம்ளர் வைக்க உதவும் ஒரு தட்டு. அடுத்த கேமையாவது, சர்வர் போனாலும் ஏதோ ஒரு வடிவத்தில் ஓடும்படி முதலிலேயே கட்டச் சொல்லுங்கள். சிம்சிட்டியில் முடிந்ததுதானே.

இப்படிக்கு,
ரோட் ராஷ் காலத்திலிருந்து உங்கள் கேம் விளையாடும் ஒருவன்

பின்குறிப்பு: 2020-ல் கமாண்ட் அண்ட் கான்கரைப் புதுப்பித்தபோது, வெஸ்ட்வுட்டின் பழைய ஆட்கள் தொடங்கிய பெட்ரோகிளிஃபையே கூப்பிட்டுச் செய்யச் சொன்னீர்கள். பழைய கேமின் மூல நிரலையும் (சோர்ஸ் கோட்) வெளியிட்டீர்கள், 2025-ல் இன்னும் சிலவற்றை வெளியிட்டீர்கள். நல்ல காரியம், அன்றைக்கே முழு விலை கொடுத்து வாங்கினேன். அந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்க முடியுமா என்று கேட்கத்தான் இந்தப் பின்குறிப்பு. கிரிக்கெட் 07-க்குப் பிறகு நீங்கள் கம்ப்யூட்டருக்கு அப்படியொரு கிரிக்கெட் கேம் கொடுக்கவில்லை. உரிமம் இல்லாததால் நம் வீரர்களின் பெயர்களே அதில் திரிந்துபோய்த்தான் இருந்தன. ஐபிஎல் பிறந்ததே அதற்கு அப்புறம். ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை, சரியான பெயர், புது ஜெர்சி, ஐபிஎல் அணிகள் என்று தாங்களே பேட்ச் போட்டு வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் லேப்டாப்பில் மஞ்சள் சட்டை போட்ட அணி ஒன்று இருக்கிறது, பந்துவீச்சாளர் ஓடிவரும் அசைவு மட்டும் 2006. நீங்கள் புது கேம் செய்ய வேண்டாம். அந்த மூல நிரலைக் கொடுங்கள், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.